முன்னோடி என்றால் ஓடத்தான் வேண்டும்

ஓடுவதில் எனக்கு ஒருபோதும் நம்பிக்கை இருந்ததில்லை. மந்தைவெளி பஸ் நிலையத்தில் கண்ணெதிரே வண்டி கிளம்பினாலும், அடுத்தது வராமலா போய்விடும் என்று நிற்கிற ஆள் நான். வேலையும் அதற்கேற்ற மாதிரிதான் வாய்த்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடியில் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கான மாத இதழுக்குப் பிழை திருத்துகிறேன். கூடவே, ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அது எங்கிருந்து வந்தது, என்ன பொருள் என்று மாதம் அரைப் பக்கம் எழுதுவேன். அந்த அரைப் பக்கத்தைப் படித்ததாகச் சொன்ன பிள்ளை ஒன்றை இதுவரை நான் சந்தித்ததில்லை. அதற்காக எழுதுவதை நிறுத்திவிட முடியுமா.

அந்த வருடம் தீபாவளி முடிந்து வரவிருந்த இதழுக்கு வந்த சொல் 'முன்னோடி'. எங்கள் இதழின் ஆசிரியை கறாரான பெண்மணி. "அந்தத் துறைக்கு முன்னோடி, இந்தத் துறைக்கு முன்னோடின்னு ஆளுங்க பேரை அடுக்காதீங்க. அதைத்தான் எல்லா மேடையிலயும் பண்றாங்களே. வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

சொல்லைப் பிரித்தால் முன், ஓடி. அவ்வளவுதான் சங்கதி. நாடு நாடாக ஓடுகிறவன் நாடோடி. முன்னால் ஓடுகிறவன் முன்னோடி. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு மாலை போட்ட படமோ, காக்கை உட்கார்ந்திருக்கும் சிலையோதான் ஞாபகம் வரும். படத்தில் இருப்பவர் உட்கார்ந்திருப்பார், சிலையில் இருப்பவர் நிற்பார். சொல்லுக்குள் இருப்பவனோ வேர்த்து வழிய ஓடிக்கொண்டிருக்கிறான். பல்லக்கு வருகிறது, குதிரை வண்டி வருகிறது என்றால் அதற்கு முன்னால் ஓடி, விலகு விலகு என்று கூட்டத்தை ஒதுக்கிய ஆள் அவன். பல்லக்கில் இருந்தவருக்குப் பெயர் உண்டு, பட்டம் உண்டு. முன்னால் ஓடியவனுக்கு இரண்டும் கிடையாது. தெற்கே சில ஊர்களில் பெரிய சாமிக்கு முன்னால் போகிற காவல் தெய்வத்துக்கே முன்னோடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மனிதர்கள் மறந்ததைச் சாமி விஷயத்திலாவது ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

ஆங்கிலத்தில் பயனியர் என்கிறார்களே, அதன் பிறப்பும் இப்படித்தான். படைக்கு முன்னால் மண்வெட்டியோடு நடந்து போய்ப் பாதை போட்ட காலாட்கள் அவர்கள். நம்முடைய பழைய தமிழில் படையின் முன்வரிசைக்குத் தூசிப்படை என்று பெயர். முன்னால் போகிறவன் கிளப்பும் புழுதியால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்று ஆசையாக ஒரு வரி எழுதினேன். ஆசிரியை அதைச் சுழித்து, ஊகம் என்று ஓரத்தில் எழுதிவிட்டார். எனக்கு இன்னமும் அந்த வரி மேல் ஒரு கண்தான்.

முன்னோர் வேறு, முன்னோடி வேறு என்றும் ஒரு பத்தி சேர்த்திருந்தேன். முன்னோர் இருந்துவிட்டுப் போனவர்கள். அவர்களுக்கு அவசரமில்லை, அமாவாசைக்கு அமாவாசை ஞாபகப்படுத்திக்கொண்டால் போதும். முன்னோடிக்கு மூச்சு வாங்கும். இந்த வரியை எழுதியதும் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் என் தங்கைக்குப் படித்துக் காட்டினேன்.

தங்கை அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள். வளைகாப்பு முடிந்து வந்திருந்தாள். நிறைமாதம். அவள் கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். வாரத்தில் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போவார். நானும் அம்மாவும்தான் கூட. அவள் அடையாறில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள். மருந்துச் சீட்டில் டாக்டர்கள் கிறுக்குவதையே படித்துப் பழகியவளுக்கு என் எழுத்தெல்லாம் எம்மாத்திரம். கேட்டு முடித்ததும், "இன்னாண்ணா நீ. பின்னால யாராச்சும் வந்தாத்தானே அவன் முன்னோடி? யாரும் வரலைன்னா அவன் சும்மா ஓடுறவன்" என்றாள்.

சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். சேர்க்கவில்லை. அரைப் பக்கத்தில் இடமில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது அவளுக்கு முதல் பிள்ளை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பையன், ஒன்பதாம் மாதம், வயிற்றிலேயே போய்விட்டான். பனிக்குடம் உடைந்து நீர் போனதை அவள் சரியாகக் கவனிக்கவில்லை. அவள் வீட்டிலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றும் செய்வதற்கு இல்லை. அதற்குப் பிறகு அவள் பேச்சில் கேலி திரும்புவதற்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இந்த முறை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "நீர் போச்சுன்னா வலிக்காகக் காத்திருக்காதீங்க. எங்க இருந்தாலும் நேரா இங்க வந்துடணும். கொஞ்சம்கூடத் தள்ளிப்போடக் கூடாது." அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் மூன்று பேரும் மனப்பாடமாக வைத்திருந்தோம்.

தங்கை தன் பங்குக்கு ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தாள். முன்கூட்டி எதுவும் செய்யக் கூடாது. பெயர் யோசிக்கக் கூடாது, தொட்டிலைப் பற்றிப் பேசக் கூடாது, பிள்ளைக்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்கக் கூடாது. "வரட்டும், வந்ததுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். அம்மாவும் சரி என்றாள். பொதுவாகவே எங்கள் பக்கத்தில் அப்படித்தான், பிறப்பதற்கு முன்னால் வாங்கிக் குவிக்க மாட்டார்கள். ஆனால் தங்கை அதைச் சொன்ன விதத்தில் வழக்கம் இல்லை, பயம்தான் இருந்தது.

இப்படிப்பட்டவள் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தி.நகர் போக வேண்டும் என்றாள். சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய புத்தி இது. குறித்த தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதாம். இரண்டு தீபாவளியாக அவள் புதுசு உடுத்தவில்லை. இந்த வருடம் உடுத்துவேன், அதையும் நானே பார்த்துத்தான் எடுப்பேன் என்றாள். போனில் படம் பார்த்து வாங்கலாமே என்றேன். "தொட்டுப் பாக்காம எப்படி எடுப்பாங்க?" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள், நான் விட்டத்தைப் பார்த்தேன். அவள் தானாக ஒன்று வேண்டும் என்று கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. யாருக்கு மறுக்க மனம் வரும்.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, கூட்டம் இருக்காது என்று நாங்கள் இருவரும் காலையிலேயே போனோம். அப்படி நினைத்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். உஸ்மான் சாலையில் மூங்கில் கோபுரத்தின் மேல் நின்ற போலீஸ்காரர், நகையை மூடிக்கொள்ளுங்கள், பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் திருடர்கள் இருக்கிறார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைக்குள் போய், லிப்டில் ஏறி, புடவை மாடிக்கு வந்தோம். அவள் ஒரு மணி நேரம் தொட்டுப் பார்த்து, மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட ஒன்றை எடுத்தாள். எடுத்ததும் முகம் பூராவும் சிரிப்பு. அதைப் பார்க்கவே வந்தது தகும் என்று நினைத்தேன்.

பில் போடும் இடத்தில் அவள் என் முழங்கையைப் பிடித்தாள். பிடி இறுகியது. "அண்ணா, தண்ணி ஒடஞ்சிருச்சு. போலாம்" என்றாள். சத்தமே இல்லை. முகத்தில் சிரிப்பு எங்கோ போய்விட்டிருந்தது.

கடைப் பெண்கள் இரண்டு பேர் அவளைத் தாங்கிக்கொண்டு சரக்கு ஏற்றும் லிப்டில் கீழே கொண்டுவந்தார்கள். பின்பக்கச் சந்தில் நின்ற ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். ஆட்டோக்காரர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். "எந்த ஆஸ்பத்திரி? நந்தனம் சைடா? குந்துமா, நல்லா சாஞ்சு குந்து. கவலப்படாத, நான் கீறேன்" என்றார். ஆஸ்பத்திரி வெங்கட்நாராயணா சாலையைத் தாண்டி ஒரு குறுக்குத் தெருவில். சும்மா நாளில் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடலாம்.

அன்று சும்மா நாள் இல்லை. பனகல் பூங்கா வருவதற்குள் ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் பஸ், பக்கத்தில் ஷேர் ஆட்டோ, இடுக்கெல்லாம் பைக், அதற்கும் நடுவில் கைநிறையப் பைகளோடு குறுக்கே போகும் குடும்பங்கள். தங்கை கண்ணை மூடிக்கொண்டு, "லேட் ஆவுதா?" என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த டாக்டரின் வாக்கியம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆட்டோக்காரர் திரும்பினார். "சார், நான் எறங்கி ஓடுனா வண்டிய யாரு ஓட்றது? நீ எறங்கி முன்னால ஓடு. பிள்ளத்தாச்சி வருதுன்னு கத்து, வழி பண்ணு. நான் உன் பின்னாலயே வந்துக்கினு கீறேன்."

இறங்கினேன். ஓடினேன். செருப்பு அறுந்தது, விட்டுவிட்டேன். "பிரசவ கேஸு, வழி விடுங்க" என்று கத்தினேன். முதலில் குரல் வரவில்லை. பிழை திருத்துகிறவனுக்குக் கத்துகிற சந்தர்ப்பம் எங்கே வருகிறது. அப்புறம் வந்தது. பைக்கில் இருந்தவர்கள் காலால் தள்ளித் தள்ளி வண்டியை ஓரம் கட்டினார்கள். பஸ் டிரைவர் ஓர் அடி நகர்த்தினார். எனக்குப் பின்னால் ஆட்டோவின் ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி விடாமல் கத்திக்கொண்டு வந்தது. அந்தச் சத்தம் கேட்கும்வரை தங்கை என் பின்னால் இருக்கிறாள் என்ற தைரியத்தில் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

என் தோளில் அவளுடைய கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு நிறம், மணி வைத்தது. திருடர் பயத்தில் அவள் போனையும் என் போனையும் அதற்குள்தான் போட்டிருந்தோம். தி.நகரில், தீபாவளி சமயத்தில், வெறுங்காலோடு ஒருவன் பெண்கள் கைப்பையை மாட்டிக்கொண்டு ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். பாதையோரத்தில் துப்பட்டா விற்றுக்கொண்டிருந்த தாடி வைத்த பாய் ஒருவர் பாய்ந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். "எங்க ஓட்றே? யார் பை இது?" என்றார். "தங்கச்சி... பிரசவம்... ஆட்டோல" என்று துண்டு துண்டாகச் சொன்னேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிடித்த காலரை விட்டுவிட்டு, என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "ஹட்டோ, ஹட்டோ, வழி விடு நைனா" என்று எனக்கு முன்னால் அவர் கொஞ்ச தூரம் ஓடினார். ஆக, முன்னோடிக்கே ஒரு முன்னோடி.

வெங்கட்நாராயணா சாலையில் பெருமாள் கோயில் வாசல் தாண்டியதும் கூட்டம் விட்டது. ஹாரன் இன்னும் பின்னால் கத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் திரும்பினேன்.

வேறு ஆட்டோ. உள்ளே இரண்டு பெண்களும், கூரை முட்டப் பட்டாசுப் பெட்டிகளும். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ், ரோட்டுக்கு நடுவுல இன்னா ஓட்டப் பந்தயமா? ஓரமா ஓடுய்யா" என்றார். எவ்வளவு நேரமாக நான் அவருக்கு வழி பண்ணிக்கொண்டு வந்தேனோ தெரியவில்லை. என் தங்கை இருந்த ஆட்டோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

அப்படிப் பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. போன் செய்யலாம் என்றால் இரண்டு போனும் என் தோளில். ஆட்டோ நம்பரைப் பார்த்து வைக்கவில்லை. திரும்பிப் போனால் அந்தக் கடலில் எங்கே தேடுவது. பின்னால் ஓடுவதா, முன்னால் ஓடுவதா என்று நடுச்சாலையில் நின்றேன். அவள் எந்த வழியில் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தானே வந்தாக வேண்டும். நான் அங்கே போய்ச் சேரலாம் என்று முடிவெடுத்து மறுபடி ஓடினேன். சரியான முடிவா என்று எனக்குத் தெரியாது. கால்கள் அந்தப் பக்கம்தான் போயின.

ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் டாக்டர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நான் கார் கதவைப் பிடித்துக்கொண்டேன். பேச்சு வரவில்லை. கையால் வயிற்றைக் காட்டினேன், பின்னால் காட்டினேன். காவலாளி என் கோலத்தைப் பார்த்து எனக்கு நெஞ்சு வலி என்று தீர்மானித்து, சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து என்னை உட்கார வைத்துவிட்டார். நர்ஸ் ஓடிவந்து நாடியைப் பிடித்தார். ஒருவழியாக, "தங்கச்சி. நீர் போயிடுச்சு. வந்துகிட்டிருக்கா" என்று சொன்னேன். டாக்டர் பெயரைக் கேட்டார். சொன்னேன். பழைய விஷயமெல்லாம் அவர் முகத்தில் ஓடியது தெரிந்தது. காரிலிருந்து காலை எடுத்தார். "தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

அதற்குப் பிறகு வாசலில் அந்தச் சக்கர நாற்காலியிலேயே நான் காத்திருந்த நேரம் எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அண்ணா சாலைப் பக்கமிருந்து, நான் எதிர்பார்க்காத திசையில், அதே மாதிரி ஓர் ஆட்டுக்குட்டி ஹாரன் கேட்டது. இந்த முறை எங்கள் ஆட்டோவேதான். பூங்காவை ஒட்டி ஒரு போலீஸ்காரர் ஒருவழிப் பாதையைத் திறந்துவிட்டாராம். "உன்ன எத்தினி தபா கூப்ட்டேன் சார். நீ பாட்டுக்குப் பறக்குற, திரும்பவே இல்ல" என்றார் ஆட்டோக்காரர்.

தங்கை வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். நாற்காலியில் என்னைப் பார்த்தாள். "நீ இன்னாத்துக்கு இதுல குந்திக்கினு கீற? எழுந்திரு, அது எனக்கு" என்றாள். எழுந்தேன். அவளை அதில் உட்கார வைத்து நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு மூடியது.

அம்மா வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளை ஒரகடத்திலிருந்து கிளம்பிவிட்டதாகப் போனில் சொன்னார். போன தடவையும் நானும் அம்மாவும் இதே மாதிரி ஒரு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை அப்போது. இந்த முறை வந்தது. மெலிதாகத் தொடங்கி, பிறகு நல்ல கோபமாக ஓர் அழுகை. நான் வாய்விட்டு அழுதேன். அம்மா என் தலையில் கை வைத்துக்கொண்டு அவளும் அழுதாள். பெண் குழந்தை. டாக்டர் வெளியே வந்து, கொடி கழுத்தில் சுற்றியிருந்தது, போன தடவை நடந்ததால் எதைப் பார்க்க வேண்டுமென்று தெரிந்திருந்தது, தயாராக இருந்தோம், தாயும் பிள்ளையும் சுகம் என்றார்.

என் அரைப் பக்கத்தை அப்புறம் மாற்றி எழுதினேன். வழியை ஒதுக்குவது முன்னோடியின் பாதி வேலைதான். போய்ச் சேர்ந்து, வருகிறார்கள் என்று சொல்வது மீதிப் பாதி என்று ஒரு வரி சேர்த்தேன். ஆசிரியை அதற்கும் ஊகம் என்று எழுதினார். பரவாயில்லை, தூசிப்படைக்குத் துணையாக இருக்கட்டும்.

அன்று மாலையே தங்கையை அறைக்கு மாற்றினார்கள். பிள்ளையைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். வயதான ஆயா ஒருவர் வந்து, "புதுத்துணி போடக்கூடாதும்மா. நல்லாத் தொவச்ச பழைய சட்டை கொண்டாந்து கீறீங்களா?" என்று கேட்டார். நாங்கள்தான் எதுவுமே வாங்கவில்லையே. எதிர்வீட்டுப் பையன் நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கிறான், அவனுடைய பழைய சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வரச் சொல்கிறேன் என்றாள் அம்மா.

"வேணாம்மா" என்றாள் தங்கை. பிறகு என்னைப் பார்த்தாள். "நீ போ. நான் கொண்டாந்த பெட்டில, அடில, என் பட்டுப் புடவைக்குள்ள ஒரு பை வெச்சிருக்கேன். பிரிக்காம எடுத்துட்டு வா."

மந்தைவெளி வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். பிரிக்காமல்தான் எடுத்து வந்தேன். அவளே பிரித்தாள். உள்ளே மூன்று சின்னச் சட்டைகள். முன்பக்கம் நாடா வைத்துக் கட்டுகிற வெள்ளைப் பருத்திச் சட்டைகள், ஒன்றில் மட்டும் மஞ்சள் வாத்து. பையனுக்காக அவள் வாங்கி வைத்திருந்தவை. எல்லாவற்றையும் எப்போதோ கொடுத்துவிட்டதாக அம்மா நினைத்திருந்தாள். ஒரு நாளும் யாரும் போடாத சட்டைகள் புதிதாக விறைப்பாக அல்லவா இருக்க வேண்டும். தொட்டுப் பார்த்தேன். கஞ்சி போய், வெள்ளை மங்கி, கைக்குள் குழைந்தன. இந்த இரண்டு வருடமும் அவள் அவற்றைத் துவைத்து, காயவைத்து, மடித்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஆயா வாத்துச் சட்டையை வாங்கிப் பிள்ளைக்கு மாட்டினார். கை கொஞ்சம் நீளம், நுனியை மடித்துவிட்டார். "யாரு சட்டைம்மா?" என்று கேட்டார்.

"இவ அண்ணனோடது" என்றாள் தங்கை.

"அதானே பாத்தேன்" என்று சொல்லி ஆயா நாடாவை முடிந்தார். "புள்ள போட்டுப் போட்டு நல்லாப் பழகுன துணியா கீது."

தங்கை ஆமாம் என்று தலையாட்டினாள்.